பொத்தான் பஸ்களும் நானும்

பலகை விளையாட்டு செய்வதுதான் என் தொழில் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், "சரி, வேலைக்கு எங்க போறீங்க?" என்று கேட்பார்கள். யுத்த காலத்துக் கண்டியில் நான் பகலில் ஒரு ஃபோட்டோக்கொப்பிக் கடையில் நின்றேன். மிச்ச நேரமெல்லாம் மட்டை வெட்டி, கட்டம் கீறி, சட்டைப் பொத்தான்களுக்கு பஸ் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். சங்கம் வைத்திருந்தால் தலைவர் தெரிவு சண்டையில்லாமல் முடிந்திருக்கும். நீங்களும் எதையாவது சொந்தமாகச் செய்து, பெட்டியில் போட்டு, கடைப்படி ஏறியவரென்றால் நாம் ஒரே வார்டு நோயாளிகள், மேலே படியுங்கள்.

பெட்டியோடு யார் போவது?

என் விளையாட்டில் ஆளுக்கொரு தனியார் பஸ். கண்டியிலிருந்து திகன வழியாக ஹுன்னஸ்கிரிய வரை ஆள் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஆசைப்பட்டு அதிகம் ஏற்றினால் மேட்டில் பஸ் இழுக்காது. நகரத்தில் புத்தகமும் விளையாட்டுச் சாமானும் விற்கும் ஒரு முதலாளியிடம் இதைக் கொண்டுபோய் விரித்தேன். சாதாரணமாக எனக்குப் பக்கத்தில் நிற்பவருக்கே குரல் கேட்காது. பலகையை விரித்துவிட்டால் மட்டும் வாய் மூடாது. நான் விளக்கிக்கொண்டே இருக்க, அவரும் கடைக் கணக்கப்பிள்ளையும் ஒரு ஆட்டம் முழுக்க ஆடிச் சிரித்தார்கள்.

கடையில் வைப்பீர்களா என்று கேட்டேன். வாங்குகிறவர்கள் தாங்களாகவே ஆடக்கூடிய மாதிரி ஆக்கிக்கொண்டு வந்தால் கண்ணாடி அலுமாரியில் வைப்பதாகச் சொன்னார். அதுதான் நான் வருஷக்கணக்காகக் கனவு கண்ட அலுமாரி. இப்போதே ஆடினீர்களே என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் நீங்களும் உக்காந்து போவீங்களா?"

ராஜா வரும்வரை

ஆகவே விதிகளை எழுத உட்கார்ந்தேன். தாத்தா வாயால் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். எதையும் ஆதியிலிருந்து தொடங்கினால்தான் எனக்குக் கை ஓடும். ஒரு மலை, அதை ஆண்ட ஒரு ராஜா, அவன் வெட்டிய பாதை என்று எழுதிக்கொண்டு போனேன். எழுதியதை வத்தேகமவில் பெரியம்மா மகள் கிறிஸ்டினா அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா பள்ளிக்கூட டீச்சர்.

எங்கள் தொழிலில் ஒரு விரதம் உண்டு. புது ஆட்கள் ஆடும்போது செய்தவன் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. அக்கா சத்தமாக வாசித்தார். அத்தான் பாதியில் எழும்பித் தேத்தண்ணி ஊற்றப் போனார், திரும்பி வந்தார், ராஜா இன்னும் காட்டுக்குள்தான் இருந்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்கா தாளைக் கீழே வைத்தார்.

"கதை நல்லாத்தான் இருக்கு தம்பி. பஸ்ஸ எப்ப எடுக்கிறது, ராஜா செத்த பொறகா?"

பாலத்துக்கு முன்னால்

ராஜாவை வெட்டி, விதிகளை ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். அடுத்த பரீட்சை திகனவில், துணிக்கடை நசீர் நானா வீட்டில். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். வழியில், பாலத்துக்கு முன்னால், சோதனைச் சாவடி. எல்லோரையும் பஸ்ஸால் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். என் பெட்டியையும் திறந்தார்கள்.

உள்ளே என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். கையால் கீறிய பாதை, ஊர்ப் பெயர்கள், பாலம், இடையிடையே சிவப்புக் கட்டங்கள். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பையன் இதைச் சுமந்துகொண்டு பஸ் ஏறுவதென்றால் அவன் விளையாட்டு செய்கிறவனாகத்தான் இருக்க வேண்டும். சிவப்பு என்னவென்று சிப்பாய் கேட்டான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், ஆமி பஸ்ஸை மறிக்கும் இடங்கள் என்று உண்மையைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலும் விழுந்தது.

மேலதிகாரி ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் மண்மூட்டையில் உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்து, தாயக்கட்டையை உருட்டினார். பொத்தான் சிவப்பில் போய் நின்றது. இனி என்ன என்று கேட்டார். ஒரு முறை சும்மா நிற்க வேண்டும் என்றேன். அவர் தலையை நிமிர்த்தி, வெயிலில் வரிசையாக நின்ற எங்கள் பஸ் சனத்தைப் பார்த்தார். பிறகு பலகையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு பெட்டியை என் கையில் தந்து, சிங்களத்தில் சொன்னார்:

"இனிமேல் ரோட்டு கீறாதே. பாம்பு கீறு, ஏணி கீறு."

திகனவில் நின்ற பெட்டி

புதுப் பலகையில் ஒரு ஊர்ப் பெயரும் இல்லை, சிவப்பும் இல்லை. வெறும் வட்டங்கள்; எது எந்த இடம் என்று ஆடுகிறவர்களே எழுதிக்கொள்ள வேண்டும் என்பதுதான் புதுத் தாளில் இரண்டாவது விதி. பலகை பார்க்க அம்மை போட்ட மாதிரி இருந்தது. அதை நானா வீட்டில் மத்தியானம் கொடுத்துவிட்டு, பின்னேரம் வந்து வாய் மூடி உட்காருவதாகச் சொல்லிப் போனேன். அதற்குள் டவுனில் ஏதோ குழப்பம், கடைகள் சாத்தியாயிற்று, ஊரடங்கு போட்டார்கள். அது நீண்டுகொண்டே போனது. முதலில் அவர்களை நினைத்துப் பயந்தேன். அதன் பிறகு, மன்னியுங்கள், இரண்டாவது விதி அவர்களுக்கு விளங்கியிருக்குமா என்று பயந்தேன்.

பாதை திறந்ததும் ஓடினேன். பலகை கட்டிலில் விரித்தபடி கிடந்தது. வெறும் வட்டங்களுக்குள் பிள்ளைகள் பென்சிலால் எழுதியிருந்தார்கள்: பேக்கரி, பள்ளிச் சந்தி, மாமாட டயர் கடை. ஒரு வட்டத்தில் 'கரண்ட் இல்ல, நில்லு' என்று இருந்தது. இரண்டாவது விதியை எழுதியபடியே ஆடியிருந்தார்கள். வெளியே என்ன சத்தம் கேட்டும் ஜன்னலைத் திறக்கச் சொல்லிப் பிள்ளைகள் அடம்பிடிக்கவில்லை என்றார் நானா. அவர் மனைவி பிளேன்டீயை நீட்டினார்.

"மகன், குறை நெனைக்காதீங்க. நீங்க பக்கத்துல இல்லாததாலதான் வெளயாட்டு நல்லா ஓடிச்சி."

கண்ணாடி அலுமாரி

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றி அலுமாரியில் வைத்தார். நான் கடைக்குள் நின்றால் பேசக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. ஒரு சனிக்கிழமை, கந்தோரில் ஃபைல்களோடு வேலை செய்யும் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா பெட்டியைத் திறந்து விதித்தாளை வாசித்தார். இரண்டாவது விதியில் கண் நின்றது. விளக்கம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பி, பிள்ளைகளுக்கு இது விளங்குமோ என்று கேட்டார். நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

இந்தத் தம்பிக்குப் பேச வராதோ என்று அவர் விசாரிக்க, இதைச் செய்தவரே அவர்தான் என்று முதலாளி காட்டிக்கொடுத்துவிட்டார். அந்த அம்மா என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்து, தாளை மறுபடி வாசித்து முடித்து, மூடியைச் சாத்தினார்.

"ஓம், தாங்கோ. விக்கிறவன் கத்திற சாமான நான் வாங்கிறேல்ல. இதைச் செய்த பிள்ளை சும்மா நிக்குது."

வெளியே பஸ் ஓடுமா ஓடாதா என்று யாருக்கும் தெரியாத அந்த வருஷங்களில், நான் வாய் மூடி நின்றதால் மட்டுமே என் பொத்தான் பஸ்கள் கண்டியை விட்டுப் புறப்பட்டன.