சுரங்கத்தில் கிடைத்த தம்பி

நாகசாகியில் மீன் விற்றுப் பிழைத்த தொயோசே அக்காவுக்கு வாய்தான் சொத்து. புருஷனைக் கடல் கொண்டுபோய் ஆறு வருஷமாகியிருந்தது. அந்த ஆகஸ்ட் காலையில் குண்டு விழுந்து ஊரே எரிந்தபோது, முன்பின் தெரியாத முப்பது பேர் மலையடிச் சுரங்கத்துக்குள் ஒண்டிக்கொண்டோம். நான் அக்காவின் பக்கத்தில் இருந்தேன்.

சற்று நேரத்தில், முதுகு வெந்துபோன ஒருவன் வாசலில் வந்து நின்றான். “உள்ள வரலாமா?” என்று அவன் கேட்ட தினுசிலேயே கட்டாய வேலைக்குப் பிடித்துவந்த கொரியாக்காரர்களில் ஒருவன் என்று தெரிந்துவிட்டது.

“நமக்கே இங்க இடமில்ல, வெளிய போடா!” என்று கத்தினார், கால் ஒடிந்து கிடந்த தச்சர் குவாதா.

“போகமாட்டான். அவன் என் தம்பி,” என்றார் அக்கா.

“தம்பியா? அவன் பேச்சே நம்ம பேச்சு இல்லையேம்மா!”

“எங்கப்பா ஊர் ஊரா சுத்தினவரு. உமக்கென்ன வந்துச்சு? நகந்து படும்!”

அந்த நிலையிலும் யாரோ சிரித்துவிட்டார்கள். குவாதா நகர்ந்து படுத்தார்.

மன்சிக் என்ற அந்த ஆள் இரண்டு நாள் எங்கள் எல்லோருக்கும் ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். மூன்றாம் நாள் குவாதாவைக் கைகளில் ஏந்திப்போய் நிவாரண ரயிலில் ஏற்றினான். ரயில் கிளம்பும்வரை அந்த மனிதர் அவன் கையை விடவே இல்லை. போர் முடிந்ததும் மன்சிக் ஊருக்குக் கப்பலேறினான்.

பின்னாளில் நான் புகழ்ந்தால் அக்காவுக்குப் பிடிக்காது.

“பெரிய மனசெல்லாம் இல்லடி. அவனத் துரத்திட்டா அடுத்து யாரத் துரத்துவாங்களோன்னு எனக்கு ஒரே பயம்.”