மூத்தவருக்கு வைத்த சஹன்

கொழும்பில் படித்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் மூத்தவர், அடுத்த அக்காவான நடு ராத்தாவின் கலியாணத்துக்குக் கல்முனைக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. வந்த அன்றே எல்லாரையும் விறாந்தையில் இருத்திவைத்து விஷயத்தைச் சொன்னார்.

“நான் பொம்புளயும் இல்ல, ஆம்புளயும் இல்ல. என்னப் பத்திக் கதைக்கக்குள்ள ‘அவள்’ எண்டு சொல்லாதீங்க. ‘அவன்’ எண்டும் வேணாம். ‘அவிர்’ எண்டு சொல்லுங்க. நானே எடுத்த சொல்லு.”

வாப்பா மின்விசிறியைப் பார்த்தார். உம்மாவின் தம்பியான மாமாதான் வாய் திறந்தார்.

“ஏன் புள்ள, ‘அவர்’ எண்டு ஒண்டு இரிக்கித்தானே?”

“அது மரியாதைக்கு எல்லாருக்கும் சொல்ற மாமா. இது எனக்கு.”

“அப்ப உனக்கு மரியாத வேணாமா?”

உம்மா மறுநாளே பயிற்சியில் இறங்கினார். வெங்காயம் உரித்துக்கொண்டே, “அவிர் எழும்பிட்டாரா, அவிர் தேத்தண்ணி குடிச்சாரா” என்று தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பார். பழக்கம் முற்றி, வளவுக்குள் புகுந்த பக்கத்து வீட்டு ஆட்டைக் கண்டதும் “அவிரத் துரத்துங்க!” என்று கத்தினார். மூத்தவருக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

சிக்கல் சாப்பாட்டில் வந்தது. எங்கள் ஊரில் கலியாணச் சோறு சஹனில்தான். பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் குவித்து, சுற்றியிருந்து ஐந்தாறு பேர் ஒன்றாகக் கைவைப்பார்கள். ஆண்களுக்குப் பந்தல், பெண்களுக்கு உள்வீடு, நடுவில் திரை. சஹன் பொறுப்பு மாமாவுடையது.

“எல்லாம் சரி. உனக்கு எந்தப் பக்கம் சஹன் வைக்கிற?”

“அப்ப நான் அறைக்குள்ளயே இரிக்கன். எனக்குச் சோறு வேணாம்.”

மூத்தவர் சாப்பிடாத கலியாணத்தில் தானும் ஒரு வாய் வைக்கமாட்டேன் என்று நடு ராத்தா அழத் தொடங்கினார்.

எனக்கோ இது வெறும் இடப் பிரச்சினை. பந்தல் ஒன்று, உள்வீடு இரண்டு. மூன்றாவதாக, உம்மா சமைக்கும் குசினி வாசல் சும்மாதானே கிடந்தது?

கலியாணத்தன்று, மாமா கேட்டதாகப் பொய் சொல்லிச் சமையல்காரரிடம் ஒரு சஹன் வாங்கினேன். குசினி வாசலில் பாய் விரித்து, மூத்தவரை அறையிலிருந்து இழுத்து வந்து இருத்தினேன். சோற்று மலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவிர். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். அவிர் கைவைக்கவில்லை.

அப்போது மாமா வந்துவிட்டார். எனக்கு உயிர் போய்விட்டது.

“சஹனுக்கு ரெண்டு பேரா? ஊரே சிரிக்கும்!” என்றவர், சாரனை இழுத்துவிட்டுக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்து, சோற்றில் கைவைத்தார். பிறகு பந்தல் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார்: “டேய், இஞ்ச இறச்சி கொண்டா! அவிர்ட பக்கம் ஒண்டுமில்ல!”

அவிர் குனிந்து சாப்பிடத் தொடங்கினார். மிளகாய் உறைப்பில்தான் கண் கலங்குகிறது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

ஆனால் மாமாவை நான் மன்னிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரோடு முதல் சஹனிலேயே அவர் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தார். கை கழுவத் தண்ணீர் ஊற்றியதே நான்தான். ஒரே கலியாணத்தில் இரண்டு தரம் சாப்பிடுகிறாரே என்று உம்மாவிடம் போய்க் கோள் சொன்னேன். உம்மா வட்டிலப்ப இனிப்பில் ஆகப் பெரிய துண்டை வெட்டி, மாமாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்.

எவ்வளவு பெரிய அநியாயம் என்று முணுமுணுத்துக்கொண்டே கொண்டுபோனேன்.