அடிவாரத்தில் பிரித்த பெட்டிகள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதன் பிறகு எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் ஆறு மாதம் இருந்ததாக நினைவில்லை. திருப்பூரில் சாயப்பட்டறை, மங்களூரில் மீன் லாரி. வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போனேன், காலில் கம்பி ஏறித் திரும்பி வந்தேன். கால் ஆறியதும் ஒரு பழைய பிக்கப் வண்டி எடுத்தேன். வண்டி இருந்தால் எங்கேயும் இருக்க வேண்டியதில்லை. அதைத் தவிர வேறு திட்டம் எதுவும் அப்போது இல்லை, இப்போதும் இல்லை.

சவாரி தேடி இப்போது யார் வாசலிலும் நிற்க வேண்டாம். கைபேசியில் அதற்கென்று ஒரு தளம் இருக்கிறது. வீட்டுச் சாமான் அனுப்புகிறவர்கள் என்ன சாமான், எத்தனை பெட்டி, எங்கிருந்து எங்கே என்று படத்தோடு போடுவார்கள். கப்பலில் ஏற்றும் நிறுவனம் முதல் என்னைப் போன்ற ஒற்றை வண்டிக்காரன் வரை ஆளாளுக்கு விலை சொல்வோம். அவர்கள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இறக்கி வைத்ததோடு சரி, மறுபடி முகம் பார்க்க வேண்டியதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

போன வருஷம் காப்பிப் பறிப்பு முடிந்த சமயம். ஏற்காட்டில் சிமென்ட் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு நின்றபோது பக்கத்து நாகலூரிலிருந்து ஒரு பதிவு வந்தது. ஸ்டாண்டு இல்லாத தையல் மெஷின் தலை ஒன்று, பாத்திரப் பெட்டி நான்கு, ஆஸ்திரேலியாவுக்கு. கப்பல் வேலையைச் சென்னையில் ஒரு நிறுவனம் எடுத்திருந்தது. மலையிலிருந்து அவர்கள் குடோன் வரை கொண்டுபோக ஆள் தேடினார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குக் கன்டெய்னர் மூடுவார்கள். நான் எடுத்துக்கொண்டேன்.

சாமான்காரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மிஷன் பள்ளிச் சீருடையும், சர்ச் கல்யாணங்களுக்கு வெள்ளை கவுனும் தைக்கிறவர். கணவர் இரண்டு வருஷமாக அங்கே ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறார். இவர் ஆறு நாளில் விமானம் ஏறுகிறார்.

“மெஷின அங்கயே வாங்கிக்கலாமில்லீங்க அம்மிணி?” என்று கேட்டேன்.

“பதினாலு வருசமா இதுலதானுங்ணா தெக்கறேன். கண்ண மூடிட்டுத் தெப்பேன். அங்க ஒரு துணிக்கடைக்காரம்மா, சொந்த மெஷினோட வந்தா ஒரு மூலையில எடம் தர்றேன்னிருக்காங்க. அடுத்த மாசம் கடைசி வரைக்கும்தான் வெச்சிருப்பாங்களாம். பாஷ தெரியாத ஊருல ஊட்டுக்குள்ள மொட்டு மொட்டுன்னு உக்காந்திருக்க என்னால ஆவாதுங்க.”

உட்கார்ந்திருக்க முடியாது என்று சொன்னதும் எனக்கு அவரைப் புரிந்துவிட்டது.

பெட்டிகளை மிக நேர்த்தியாக அடுக்கியிருந்தார். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் காப்பித் தொலி, மெஷின் தலையைச் சுற்றிலும் அதே தொலி. கொட்டையிலிருந்து உரித்துக் காயவைத்த தோல் அது. எங்கள் மலையில் உடைகிற பொருள் எதுவானாலும் அதில் புதைத்துத்தான் அனுப்புவோம். நானும் அதே மலையில் கொட்டச்சேட்டில் பிறந்தவன். முட்டையும் விளக்குக் கண்ணாடியும் தொலிக்குள் கிடந்து பஸ்ஸில் போவதைப் பார்த்து வளர்ந்தவன். “நொம்ப நல்லாக் கட்டியிருக்கீங்க” என்று மனதாரச் சொன்னேன்.

பெட்டியைத் திறந்து வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது தளத்தின் விதி. எடுத்தேன். அடுத்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வந்தது. வரிக்கு ஒரு கட்டம். எல்லாவற்றிலும் டிக் போட்டேன். நாகலூரில் அப்போது நெட் வராததால் எதுவும் போகவில்லை. கயிறு கட்டிக்கொண்டு இறங்கினேன்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி அடிவாரம் வந்ததும் படங்கள் தாமாகவே போய்விட்டன. பஞ்சர் கடையில் சக்கரத்துக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தேன். சென்னை நிறுவனத்து ஆள் கூப்பிட்டார்.

“சார், பொட்டிக்குள்ள பிரவுன் கலர்ல இருக்குதே, இன்னா சார் அது?”

“காப்பித் தொலிங்க. உடையாம இருக்கப் போடறது.”

“உமி, வைக்கோல், விதை, எல எதுவும் அந்த நாட்டுல உள்ள விடமாட்டாங்க சார். ஒரு துண்டு கண்ணுல பட்டாலும் மொத்தக் கன்டெய்னரும் நின்னுடும். எத்தினி குடும்பத்துச் சாமான் அதுல இருக்கு! இதோட நீங்க வராதீங்க.”

“அங்க வந்து பிரிச்சுக்கறனுங்க.”

“கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. சுத்தமா தொடச்சு, வேற பொட்டில போட்டு படம் அனுப்புங்க. பாத்துட்டுச் சொல்றேன். இல்லாட்டி அடுத்த கன்டெய்னர்தான், ஏழு வாரம் ஆவும்.”

ஏழு வாரம் என்றால் துணிக்கடை மூலை போயிற்று. அது எனக்குத் தெரிந்தது. இருந்தும், உள்ளதைச் சொல்கிறேன், சவாரியை ரத்து செய்யும் பொத்தானைத்தான் முதலில் தேடினேன். சேலத்திலிருந்து ஓசூருக்கு ஒரு லோடு அதே தளத்தில் காத்திருந்தது. விரலைக் கொண்டுபோனவன், நான் டிக் போட்ட பக்கம் கண்ணில் பட்டதால் நிறுத்தினேன். ஒரு இடத்தில் அழுத்தினால் அது தமிழில் மாறும். காலையில் அழுத்தவில்லை. இப்போது அழுத்தினேன். மூன்றாவது வரி, ‘பெட்டிக்குள் தாவரப் பொருள் எதுவும் இல்லை எனச் சரிபார்த்தேன்.’ பக்கத்திலேயே என் டிக்.

நாகலூருக்கு மூன்றாவது முறை கூப்பிட்டபோது தையல்காரம்மா எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு “அய்யோ” மட்டும் கேட்டது.

“அடுத்த பஸ்ஸுக்கு நா வர்றேன். போயறாதீங்ணா. அங்கயே இருங்க.”

என்னை அரை மணி நேரம் பார்த்தவர், நான் நிற்காத ஆள் என்பதை எப்படிக் கண்டுபிடித்தாரோ.

இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். எனக்கு அது ஜெயில் மாதிரி. பழக்கடைக்குப் போய் ஐந்து அட்டைப்பெட்டி வாங்கி வந்தேன். படம் அனுப்பினால், “பழம் வச்ச பொட்டியும் கூடாது சார்” என்று பதில் வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

“ஏனுங்ணா, வேண்டுதலுங்களா?” என்றார் பஞ்சர் கடைக்காரர். “தேங்கா வேணா ஒண்ணு வாங்கியாரட்டுங்களா?”

பஸ்ஸிலிருந்து அவர் ஒரு பெரிய துணிமூட்டையோடு இறங்கினார். தார்ப்பாயை விரித்துப் பெட்டிகளைப் பிரித்தோம். பாத்திரம் துடைத்தால் சுத்தமாகிவிட்டது. மெஷின்தான் ஆகவில்லை. நல்ல தையல்காரர் செய்வதை அவர் செய்திருந்தார். கட்டுவதற்கு முன் துருப்பிடிக்காமல் இருக்க எல்லா மூட்டிலும் எண்ணெய் விட்டிருந்தார். அந்த எண்ணெயில் தொலித்தூள் அப்பிப் பல்சக்கரம் வரை இறங்கியிருந்தது.

மூட்டையிலிருந்து திருப்புளியும் பிரஷ்ஷும் எடுத்தார். ஊசித் தகடு, பாபின் கூடு, அடியில் இருந்த மூடி என்று ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தார். துடைக்கிற வேலை எனக்கு. எண்ணெய் போனதும் பஞ்சர் கடைக்காரர் தானாகவே காற்றுக் குழாயை இழுத்து வந்தார்.

“லாரிக்கு அடிச்சிருக்கேன், சைக்கிளுக்கு அடிச்சிருக்கேன். இதுக்கு எத்தன பாயிண்ட் காத்து வெக்கட்டுமுங்க அம்மிணி?”

“சட்டைத் துணிக்கு வெக்கறாப்ல மெல்லிசா வெய்யுங்க, போதும்” என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

காற்று பட்டதும் தொலி பறந்து மூன்று பேர் தலையிலும் விழுந்தது.

“எம் புத்தியச் செருப்பால அடிக்கோணும்” என்று அவர் முனகினார். “வெளிநாட்டுக்குப் போற சாமானுக்குத் தொலி போட்டிருக்கறேன் பாருங்க.”

சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. “இல்லீங்க அம்மிணி. தொலி இல்லைன்னு நாந்தான் டிக் போட்டேன்.”

நிமிர்ந்து பார்த்தார். “படிக்காமயா?”

“படிக்காமத்தான்.”

“எனக்கும் அந்தப் பக்கம் வந்துதுங்ணா, சாமானப் பதியறப்பவே.”

“படிச்சீங்களா?”

“எங்க!” என்றார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

மருந்துக்கடையில் மூன்று பெட்டிதான் கிடைத்தது. மெஷினுக்கு ஒன்று, பாத்திரத்துக்கு இரண்டு. எதை விடுவது என்று அவர் யோசிக்கவே இல்லை. பீங்கான் தட்டு எல்லாவற்றையும் ஒதுக்கினார். குக்கரும் இட்லிப் பானையும் உள்ளே போயின. தொலிக்குப் பதில் வெட்டிய துணித்துண்டுகள். படம் அனுப்பினேன். மெஷினின் அடிப்பாகத்தை டார்ச் அடித்துக் காட்டச் சொன்னார் நிறுவனத்து ஆள். காட்டினேன்.

“அந்தப் பல்லு ஓரத்துல ஒண்ணு தெரியுது சார்.”

தையல்காரம்மா தன் புடவைத் தலைப்பில் குத்தியிருந்த ஊசியை எடுத்து அதை நோண்டி வெளியே எடுத்தார். நகத்தில் பாதி அளவுகூட இல்லை. மறுபடி படம் போயிற்று. கொஞ்சத்தில் நிறுவனத்து ஆளிடமிருந்து பதில் வந்தது.

“சரி, வாங்க.”

மணி நாலரை. மீதிச் சாமானைக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு அவர் மேலே போகும் பஸ்ஸுக்கு நின்றார். “வழியில எங்கயும் நிக்காதீங்ணா” என்றார். அப்படி ஒரு உத்தரவை எனக்கு அதுவரை யாரும் போட்டதில்லை.

குடோனில் பெட்டியைத் திறந்து கவிழ்த்துப் பார்த்தார்கள். எதுவும் விழவில்லை. கன்டெய்னரின் கதவை மூடும்வரை நின்றுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். நிற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மலைக்கு நான் அதிகம் போகவில்லை. ஓடு ஏற்றிக்கொண்டு கோவா பக்கம் திரிந்தபோது தையல்காரம்மாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. மெஷின் வந்து சேர்ந்ததாம், மூலையும் கிடைத்ததாம், குளிர்தான் எலும்பைத் துளைக்கிறதாம். பேசப் பேசப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பேசுவதற்காக அவர் அதை நிறுத்தவில்லை.