கழுவ வராத தட்டு

என் அக்கா புருஷன் கில்ஜென், இமயமலை ஏற வருகிறவர்களுக்கு இருபது வருடம் சமைத்துப் போட்டவர். ஐயாயிரம் மீட்டருக்கு மேலே பசி செத்துவிடும். பூண்டு சூப்பையும் உருளைக்கிழங்கு ரொட்டியையும் நீட்டி, அதட்டியே தின்ன வைப்பார்.

"முழுங்குங்க சார்! சாப்பிட்டீங்களான்னு உங்க பொண்டாட்டி கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் முதலில் தலைவலி வரும், சாப்பாடு இறங்காது; அப்படியே விட்டால் ஆளையே கொன்றுவிடும். தலைவலியே இல்லை என்று யார் வேண்டுமானாலும் புளுகலாம். அவர் நம்பியது தட்டைத்தான். அவருக்கு எடுபிடியாகப் போன நான் கழுவுவதற்கு முன்பு எச்சில் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இரண்டு வேளை சாப்பாட்டை மிச்சம் வைத்தவன் மறுபேச்சில்லாமல் கீழே இறங்க வேண்டும்.

"வாய் புளுகும் மச்சான், தட்டு புளுகாது."

சமைத்தவர் கடைசியில் சாப்பிடுவதுதான் எங்கள் வழக்கம். அவர் தட்டைப் பார்க்க ஆளில்லை.

இந்த வசந்தத்தில் தாஷி லாப்சா கணவாய்க்குக் கீழே மூன்று நாள் பனியில் மாட்டிக்கொண்டோம். நான்காம் நாள் காலை அடுப்பருகே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முதுகில் சுமந்து இறங்கினோம். பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது.

வீட்டு வாசலில் அக்கா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கடைசியா என்னடா சாப்பிட்டாரு?"

ஊரான் தட்டையெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய மடையன் நான். அவர் தட்டு மூன்று நாளாகக் கழுவவே வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.