முதலாம் இடம் டின் மீனுக்கு

மீன்காரி கண்ணகைக்கு வாய் கொஞ்சம் நீளம். களுதாவளைப் பக்கத்து வீதிகளில் பதினெட்டு வருஷம் கூடை சுமந்தவள். நேற்றைய மீனையும் "இப்பதான் துள்ளி முடிஞ்சது" என்று சொல்லி விற்றுவிடுவாள். சண்டைக் காலத்தில் காவலரணில் நின்ற ஆமிக்காரன்கூட அவளிடம் பேரம் பேசித் தோற்றிருக்கிறான்.

சுனாமி வந்து இரண்டரை மாதமாகியும் அந்த வாயால் ஒரு மீன் விற்க முடியவில்லை. கடலோடு போன சனத்தை மீன் தின்றிருக்கும் என்று, வீடிழந்தவர்கள் தங்கிய முகாமெங்கும் பேச்சு. இது வாவி மீன் என்று அவள் சொன்னால், வாவியும் கடலும் முகத்துவாரத்தில் கலக்கிறதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். புருஷன் அழகரத்தினம் சித்திரைக்குள் தோணியை விற்றுவிட்டுக் கத்தாருக்குப் போவதாக நின்றார். கண்ணகைக்குத் தோணியும் வேண்டும், புருஷனும் வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் முகாமின் சத்துணவு பார்க்கும் தாதி, போஷாக்கு மிஸ்ஸி பிரஷாந்தி வந்தாள். உணவுகளுக்குச் சத்துப்படி புள்ளி போட்டு, பெரிய மட்டையில் எழுதி, சமையல் கொட்டிலில் தொங்கவிட்டாள். முதலாம் இடம் நிவாரணத்தில் வந்த டின் மீன். அடுத்து முட்டை, பருப்பு, முருங்கையிலை. வாவி மீன் பட்டியலிலேயே இல்லை. கண்ணகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மிஸ்ஸி, எங்கட ஓரா மீன் எத்தினையாவது?"

"சத்தைப் பாத்தா டின் மீனுக்குக் கிட்டத்தான் அக்கா. சனம் தின்னாதாமே. தின்னாததுக்கு எப்படிப் புள்ளி போடுற?"

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குச் சனம் வரிசையில் நிற்க, கண்ணகை ஒரு வெற்று டின்னோடு வந்தாள். "எனக்குக் கண் பார்வை மட்டு, மிஸ்ஸி. இது எந்த நாட்டு மீன் எண்டு ஒருக்கா வாசிங்க."

பிரஷாந்தி சூது தெரியாமல் உரத்து வாசித்தாள். "தாய்லாந்து."

"அங்கயும் சுனாமி அடிச்சதுதானே," என்றாள் கண்ணகை, ஒன்றும் அறியாதவள்போல.

வரிசை அப்படியே நின்றுவிட்டது. இது சுனாமிக்கு முந்தியே அடைத்த மீன் என்று பிரஷாந்தி தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? டின் மீனைத் தின்றவர்கள் வாவி மீனையும் தின்னலாம் என்று சனம் யோசிக்கும், கண்ணகையின் கணக்கு அதுதான். சனமோ மற்றப் பக்கமாக யோசித்துவிட்டது. மூன்று நாள் முகாம் முழுக்கப் பருப்பும் சோறும்தான். பிள்ளைகள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டன. டின் மீனைக் கவிழ்த்த கெட்டிக்காரிக்குத் தன் மீனை ஏற்றும் வழி தெரியவில்லை.

நாலாம் நாள் விடியவே அழகரத்தினத்தை வாவிக்கு விரட்டினாள். பட்டியலுக்குக் கீழேயே அடுப்பு மூட்டி, அவர் கொண்டுவந்த ஓராவில் தேங்காய்ப்பால் விட்டுப் பாலாணமாகக் குழம்பு வைத்தாள். வாசத்துக்குச் சனம் கூடியது. சட்டிக்குக் கிட்ட ஒருவரும் வரவில்லை.

"வாசம் நல்லாத்தான் இருக்குகா," என்றாள் பக்கத்துக் கூடாரத்துத் தங்கேஸ்வரி. "நீ தின்னுவியா?"

"மீன்காரி தின்னாம?"

"சுனாமிக்குப் பிறகு நீ மீன் திண்டத நான் காணல்ல."

தங்கேஸ்வரி சொன்னது உண்மை. கண்ணகையின் தங்கச்சி சிவகாமி கடலோடு போனவள். உடல் கிடைக்கவில்லை. ஊரெல்லாம் மீன் வாங்கச் சொல்லிக் கெஞ்சியவள், தன் கூடாரத்துக்குள் பருப்பைத்தான் தின்றுகொண்டிருந்தாள். தன்னால் முடியாததை மற்றவர்கள் தலையில் கட்டப் பார்த்தது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கோப்பையில் சோறு போட்டு ஆணத்தை ஊற்றினாள். முள்ளெடுத்துப் பிசைந்த பிடியை வாய்வரை கொண்டுபோய்த் திரும்பக் கோப்பையிலேயே வைத்தாள். இரண்டாம் தரம் வாய்க்குள் போட்டாள். விழுங்க வெகுநேரம் எடுத்தது. கண்ணீர் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. கொட்டில் ஓரத்தில் இருந்த பிரஷாந்தி எழுந்து வரப் பார்த்தாள். அதற்குள் தங்கேஸ்வரி பக்கத்தில் வந்து குந்தி, தன் கோப்பையை நீட்டினாள்.

"தனியத் தின்னாதகா. எனக்கும் ஒரு துண்டு போடு."

அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து கோப்பைகள் நீண்டன. சட்டியில் இருந்தது போதாது. அழகரத்தினம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாவிப் பக்கம் நடந்தார்.