சின்ன மாப்பிள்ளையின் கத்தி

வைரக்கண்ணுவுக்குப் பொறாமையே கிடையாது. அவனைக் கேட்டால் அப்படித்தான் சொல்வான். பக்கத்து வீட்டுக்காரன் மாடி கட்டியபோது கூடவே நின்று மணல் சலித்துக் கொடுத்தவன். கூட ஓட்டுகிற டிரைவர் சொந்த லாரி வாங்கியபோது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததே அவன்தான். அரியலூர்ச் சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அடிக்கிற லாரியில் டிரைவர். உழைப்பாளி, குடி கிடையாது. எல்லாம் சரி. ஆனால் சகலை என்று ஒருத்தன் வந்து சேர்ந்தானே, அங்கேதான் மனுஷனுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

மாமனார் முத்துசாமிக்கு ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் முந்திரிக் கொல்லை. ஆண்பிள்ளை இல்லை, இரண்டும் பெண். மூத்தவள் சிந்தாமணியை வைரக்கண்ணு கட்டிய நாளிலிருந்து எட்டு வருஷம் அந்த வீட்டுக்கு அவன் ஒருத்தன்தான் மாப்பிள்ளை. மோட்டார் ஓடவில்லையா, மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பு. டி.வி.யில் புள்ளி விழுகிறதா, மாப்பிள்ளை வரட்டும். அவனும் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். மோட்டார் ஓடத் தொடங்கியதும் மாமனார் ஊர்க்காரர்களைப் பார்த்து, "நம்ம மாப்ள கை பட்டாப் போதும்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக வைரக்கண்ணு ஆயுசு பூராவும் அங்கே மோட்டார் பார்த்திருப்பான்.

1999இல் இளையவள் ஹேமலதாவைப் பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அறிவுச்செல்வனுக்குக் கொடுத்தார்கள். மறுவருஷப் பொங்கலுக்கு அவன் சட்டைப் பையில் அந்தக் கத்தியோடு வந்து இறங்கினான். லப்பைக்குடிக்காட்டுச் சிநேகிதன் அஸ்லாம் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம். சிவப்புக் கைப்பிடி, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நகத்தால் நெம்பினால் ஒவ்வொன்றாக வரும்: பெரிய கத்தி, சின்னக் கத்தி, கத்தரிக்கோல், ரம்பம், ஸ்க்ரூ டிரைவர், டின் திறக்கிற கொக்கி. முதுகில் ஒரு சுருள் கம்பி வேறு. அது எதற்கென்று அறிவுச்செல்வனுக்கே தெரியாது. "கயித்து முடிச்ச அவுக்கறதுக்கு மாமா" என்று அளந்துவிட்டான். மாமனார் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

அன்றோடு போச்சு. கரும்பு சீவ வேண்டுமா, "சின்ன மாப்ள, அந்தக் கத்திய எடுங்க." மூக்குக்கண்ணாடி ஆணி கழன்றதா, "சின்ன மாப்ள." ரேடியோவின் பின்மூடியைத் திறக்க அந்தத் துக்கடா ஸ்க்ரூ டிரைவர்! வைரக்கண்ணுவின் பையில் பன்னிரண்டு ஸ்பேனர்கள் சும்மா கிடந்தன. "பெரிய மாப்ள, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்றார் மாமனார். அவன் தள்ளி நின்றான். 

கத்தி மேல் ஆசையில்லை என்று பொய் சொல்வானேன்? ஆசைதான். ஆசையை விட ஆத்திரம். சகலைக்கு அதை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. எலுமிச்சம்பழம் அறுத்துவிட்டு வேட்டியில் ஒரு துடை துடைத்து அப்படியே மடக்குவான். கீலில் அழுக்கு அடைந்து கிடக்கும். "தேங்கா எண்ணெ போட்டு வச்சிருக்கேண்ணே" என்பான் பெருமையாக. தேங்காயெண்ணெய்! நாலு மாதத்தில் பிசுக்குப் பிடித்துக் கீல் இறுகிவிடும் என்பது லாரியைத் தொட்ட எவனுக்கும் தெரியும். "யோகம் எவனுக்கு வருது பாரு" என்று சிந்தாமணியிடம் புலம்பினான். "ஒரு கத்திக்குப் போயி இப்புடியாங்க?" என்று அவள் சிரித்தாள்.

2001 வைகாசித் திருவிழாவுக்கு எல்லோரும் மாமனார் வீட்டில் கூடியிருந்தார்கள். அறிவுச்செல்வன் அந்தக் கத்தியால் ஒரு பலாப்பழத்தையே வெட்டினான். வெட்டியவன் பிசின் ஒட்டிய கத்தியைக் கிணற்று மேட்டில் போட்டுவிட்டுச் சாமி பார்க்கப் போய்விட்டான். வைரக்கண்ணு எடுத்துப் பார்த்தான். கத்தரிக்கோல் அசையவே இல்லை. கீலெல்லாம் பலாப்பால். அவனுக்குப் பாவமாக இருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் மடியில் செருகினான். சத்தியமாக அதுதான் நினைப்பு. மாமனார் முன்னால், "இந்தாங்க சகலை, கத்தின்னா இப்புடி இருக்கணும்" என்று நீட்ட வேண்டும் என்றும் ஒரு நினைப்பு இருந்தது.

அதற்குள் வீட்டில் கூச்சல். கத்தியைக் காணோம்! மாமனார் ஆளுக்கொரு பக்கம் விரட்டுகிறார், ஹேமலதா கண்ணைக் கசக்குகிறாள். கிணற்றில் விழுந்திருக்கும் என்று யாரோ சொல்ல, ஆளை இறக்கித் துழாவுகிறார்கள். மேலே நின்று கயிற்றைப் பிடித்தது யார்? நம் வைரக்கண்ணுதான். மடியில் கத்தி உறுத்துகிறது. "இருங்க, எங்கிட்டதான் இருக்கு" என்று சொல்ல வாயெடுத்தான். ஒரு மணி நேரம் கூடவே நின்று தேடிவிட்டு இப்போது எப்படிச் சொல்வது? சொல்லாமலே விட்டுவிட்டான்.

மூன்று வருஷம் அந்தக் கத்தி லாரியில் இருந்தது, சீட்டுக்கு அடியில் ஒரு சோப்பு டப்பாவுக்குள். சுரங்கத்தில் லோடுக்கு வரிசையில் நிற்கும்போது, மற்ற டிரைவர்கள் டீக்குப் போனதும் எடுப்பான். வெள்ளைப் புழுதி கீலுக்குள் போகாத நாளில்லை. சோப்புத் தண்ணீரில் வைத்து ஒவ்வொன்றையும் திறந்து மூடுவான். பழைய பல் பிரஷ்ஷால் இடுக்குகளைத் தேய்ப்பான். ஈரம் போகத் துடைத்து வெயிலில் காயவைப்பான். அதற்கப்புறம்தான் எண்ணெய். சின்னக் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டி முன்கை ரோமத்தில் சோதித்துப் பார்ப்பான். எல்லாம் செய்து யாரிடம் காட்டுவது? ஒரு கொய்யாப்பழம் அறுக்கக்கூட நாலு பேர் முன்னால் எடுக்க முடியாது. கொடுமை என்னவென்றால், மாமனார் வீட்டில் இப்போதும் அந்தப் பேச்சுதான். "சின்ன மாப்ள கத்தி மட்டும் இருந்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்பார் முத்துசாமி. தொலைந்துபோன கத்திக்கும் சகலைக்கே பேர்!

2004 மாசியில் தகுதிச் சான்று புதுப்பிக்கிற எஃப்.சி. வேலைக்கு லாரி ஷெட்டுக்குப் போனது. அங்கே சீட்டைக் கழற்றுவார்கள். வீட்டில் வைத்தால் சிந்தாமணி கண்ணில் படும். வேறு வழியில்லாமல் கத்தியைப் பேன்ட் உள்பையில் போட்டுக்கொண்டான். அதோடுதான் ஹேமலதா குழந்தையின் காதுகுத்துக்கு மாமனார் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று.

பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கொட்டகையில் மாமனார் ஆசையாக வாங்கிய ஜெர்சிக் கன்று தூணைச் சுற்றிச் சுற்றி வந்ததில், நைலான் கயிறு கழுத்தை இறுக்கிவிட்டது. நாக்குத் தள்ளி, காலை உதைக்கிறது. "அருவாளக் கொண்டாங்கடா!" என்று மாமனார் அலறினார். அரிவாள் கொல்லையில் கிடந்தது. கன்றுக்குப் பக்கத்தில் இருந்தவன் வைரக்கண்ணுதான். முடிச்சு விரலுக்கு மசியவில்லை. அவன் யோசிக்கவே இல்லை, கை தானாக உள்பைக்குள் போனது. ஒரே இழுப்பில் கயிறு அறுந்தது. கன்று விழுந்து, மூச்சிழுத்து, தடுமாறி எழுந்து நின்றது.

கூட்டம் கன்றைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தது.

"இது சின்ன மாப்ள கத்தியில்ல?" என்றார் மாமனார்.

 பதிமூன்று வருஷ மாப்பிள்ளை மரியாதை, இதோ போகிறது. சிந்தாமணி கதவோரம் நின்று அவன் முகத்தையே பார்த்தாள். அறிவுச்செல்வன் வந்து கத்தியை வாங்கினான். கத்தரிக்கோலை நெம்பினான், சுலபமாகத் திறந்தது. ரம்பத்தைத் திறந்து மூடினான். பிறகு வைரக்கண்ணுவை ஒரு தரம் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"என்னுதுதான் மாமா. அன்னிக்கு என் பையிலயே இருந்திருக்கு. போன மாசம் கடையில பழைய பேப்பர் கட்டுக்குள்ளேருந்து கெடைச்சுது. துருவேறிப் போச்சேன்னு நாந்தான் அண்ணங்கிட்டக் குடுத்தேன். ஒங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"அட, நானும் என்னமோன்னு பாத்தேன்!" என்று மாமனார் சிரித்தார்.

"அண்ணனே வச்சுக்கட்டும் மாமா. எனக்கு இத வச்சுக்கத் தெரியல" என்று சொல்லி, கத்தியை மடக்கி வைரக்கண்ணுவின் கையிலேயே கொடுத்தான்.

"பாத்தீங்களா, சின்ன மாப்ளக்கு என்னா மனசு!" மாமனார் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கூட்டமும் தலையாட்டியது. கன்றைக் காப்பாற்றியது யார் என்று ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. மானம் தப்பியதே என்று வைரக்கண்ணு சந்தோஷப்பட வேண்டாமா? எங்கே! இத்தனை நாள் கத்திக்கு மட்டும் எரிந்த வயிறு இப்போது அந்த மனசுக்கும் சேர்த்து எரிந்தது. அத்தனை பேர் முன்னால் அறிவுச்செல்வன் அவனைத் திருடன் என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அந்த ஆளை நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

சாயங்காலம் பைக்கில் திரும்பினார்கள். ஜெயங்கொண்டம் தாண்டியதும் சிந்தாமணி கேட்டாள்.

"எத்தன நாளா வச்சிருந்தீங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தான். "மூணு வருசமா."

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. தோளில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டாள். உடையார்பாளையம் கடைத்தெரு வந்தது, போனது.

"ஹேமா குடுத்து வச்சவ" என்றாள்.