அரண்மனையில் திறந்து கிடந்த புத்தகம்

அறுபதுகளின் தொடக்கத்தில், பெங்களூர் அடுகோடியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனையில் ஒரு சர்தார்ஜி லாரிப் பட்டறை வைத்திருந்தார். பட்டறை ஆட்களெல்லாம் வட ஆற்காட்டுக்காரர்கள். அவர்களிடம் கற்ற தமிழில்தான் என்னோடு பேசுவார். தொழிற்சாலையிலிருந்து நான் திரும்பியதும் பட்டறை வாசலில் ஆளுக்கொரு டீயோடு உட்காருவோம். என் வாய்த்துடுக்குக்கு நண்பர்கள் யாரும் நிலைத்ததில்லை. அவர் ஒருவர்தான் பொறுத்துக்கொண்டார்.

எங்கள் தொழிற்சாலையில் செய்த கடைசல் இயந்திரங்களைப் பொருத்திக் கொடுக்க என்னைப் பஞ்சாபுக்கு அனுப்பினார்கள். ஊர்ப்பெயரைச் சொன்னதும் அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அது நம்ம ஊரு தம்பி. அங்க ராஜா அரமனையில எங்கப்பா கிரந்தம் எழுதினாரு. எல்லாம் கையால."

சீக்கியர்களுக்குக் கிரந்தம் என்னும் அந்த வேதப் புத்தகமே குரு. காலையில் திறந்து படிப்பார்கள், இரவில் பட்டுத் துணி போர்த்தி உறங்க வைப்பார்கள். அரண்மனையில் அந்தப் பணியையும் அவருடைய அப்பாவே செய்திருக்கிறார். தனக்குப் பிறகு மகன் செய்யவேண்டும் என்று கேட்டிருக்கிறார். மகனோ மோட்டார் பைத்தியம் பிடித்துப் பெங்களூருக்கு ஓடி வந்துவிட்டார். அப்பாவின் சாவுக்குக்கூடப் போகவில்லை. சமஸ்தானம் போய், அரண்மனை சீக்கிய மரபுக்கான அருங்காட்சியகமாகிவிட்டது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்கு ஒரே கவலைதான். அந்தப் புத்தகத்தை இப்போது யார் மூடுகிறார்கள்?

"நீங்களே ஒருதரம் போய்ப் பாக்கலாமே" என்றேன்.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது?"

புறப்படும் அன்று, அவர் மனைவி தைத்த நீலப் பட்டுத் துணி ஒன்றைக் கொடுத்தார். சுற்றிலும் ஜரிகை. "பக்கத்துக்குப் பக்கம் ஓரத்துல நீலக் கொடி வரஞ்சிருக்கும். எங்கப்பா மட்டும்தான் அப்படி வரைவாரு. இத்த அது மேல போத்தச் சொல்லு. செருப்பக் கழட்டிட்டுப் போ, தலைக்குத் துணி கட்டிக்கோ."

அரண்மனையில் மூடுபனியும் வௌவால் நாற்றமும்தான் என்னை வரவேற்றன. ராஜா உட்கார்ந்த நாற்காலி, துருவேறிய வாள்கள், பதித்த கண்ணாடிச் சில்லுகள் பாதி உதிர்ந்த சுவர். எல்லோரும் பூட்ஸ் காலோடு நடந்தார்கள். கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு சில்லிட்ட தரையில் வெறுங்காலோடு நடந்தவன் நான் ஒருவன்தான். எனக்கே என்னைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

நீலக் கொடியை உடனே கண்டுபிடித்துவிட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள், மங்கலான விளக்குக்கு அடியில், புத்தகம் திறந்து கிடந்தது. பக்கத்தின் மேல் மெல்லிய தூசி. எழுதியவர் பெயர் தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு.

காவலர் நல்ல மனிதர். என் ஓட்டை இந்தியைப் பொறுமையாகக் கேட்டார். பெட்டிச் சாவி தன்னிடம் இல்லை என்றும், இது கணக்கில் ஏறிய பொருள், ராத்திரியும் இப்படியேதான் இருக்கும், துணியை வாங்கத் தனக்கு அதிகாரமில்லை என்றும் சொன்னார். பிறகு அந்தச் சீட்டைக் காட்டி, எழுதியவர் பெயர் தெரியுமா, தெரிந்தால் சொல்லுங்கள், மேலதிகாரிக்கு எழுதிப் போடுகிறேன் என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷம் ஒன்றாக டீ குடித்தும் அந்த அப்பாவுக்கு ஒரு பெயர் இருக்கும், கேட்போம் என்று தோன்றியதே இல்லை. துணியைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஊர் திரும்பியதும் சர்தார்ஜி கேட்ட முதல் கேள்வி, "மூடறாங்களா?"

"மூடறாங்க. உங்க துணியத்தான் போத்தினாங்க."

அவர் தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. துணியை டிரங்குப் பெட்டியின் அடியில் ஒளித்தேன். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் வீட்டில் புத்தகங்களை அடுக்கி, பட்டுத் துணி போர்த்தி, பூ வைப்போம். மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. பட்டறையில் ஆயுத பூஜை முடித்துப் பொரித் தட்டோடு வந்த சர்தார்ஜி, கூடத்தில் அப்படியே நின்றுவிட்டார். புத்தக அடுக்கின் மேல் அவருடைய நீலத் துணி.

"வடக்கேந்து இவரு வாங்கிட்டு வந்ததுண்ணா. இத்தனை நாள் பெட்டியிலயே கெடந்துது" என்றாள் என் மனைவி.

அவர் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். "மூடலியா தம்பி?"

"இல்லைங்க. பெட்டிக்குள்ள தெறந்தே கெடந்துது." அதற்கு மேல் எதையும் மறைக்க முடியவில்லை. "எழுதினவர் பேரு தெரியலன்னு சீட்டு வெச்சிருந்தாங்க. என்னைக் கேட்டாங்க. எனக்கும் தெரியல."

துணியை எடுக்கப் போனேன்.

"இருக்கட்டும். பூஜை முடியாம எடுக்கக் கூடாது இல்ல?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் மனைவி வந்து இரண்டு கைகளாலும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். சர்தார்ஜி உள்ளேயே இருந்தார். அந்த வாரமே பட்டறையை ஆட்களிடம் விட்டுவிட்டு வடக்கே போனார்.

திரும்பி வந்தபின் எனக்காக டீ சொல்லவில்லை. எதிரே பார்த்தால் தலையை அசைப்பார், அவ்வளவுதான். அரண்மனையில் என்ன நடந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதுவரை பட்டறைக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது புதிதாக ஒன்று மாட்டியிருந்தது. கன்னடத்திலும் தமிழிலும் அவர்களுடைய பஞ்சாபி எழுத்திலும் ஒரே ஒரு பெயர். ஓரமெல்லாம் நீலக் கொடி. யார் பெயர் என்று பட்டறை ஆளிடம் கேட்டேன்.

"சேட்டோட அப்பா பேரு சார். உங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

பதினோரு வருஷம், வேலைக்குப் போகும்போதும் வரும்போதும், அந்தப் பெயரைப் படித்துவிட்டுத்தான் போனேன்.